ஓராண்டில் வாசித்த இளையோர் நாவல்களிலிருந்து பிடித்தவற்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆண்டு முழுவதும் வாசித்த இளையோர் நாவல்களிலிருந்து நான்கைந்தை மட்டும் பிரித்தெடுத்து, பிறருக்குப் பயன்படும்படி எழுதிவைக்க விரும்புபவர் முதலில் கதைப்பொருளைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். கொலை, நிறவெறி, பாலியல் வன்முறை போன்ற கனமான பொருளைத் தொட்ட நாவல், அந்தக் கனத்தினாலேயே சிறந்ததாகத் தோன்றிவிடும். அதற்கு மாறாக, கதையைச் சொல்பவர் யார், நடந்தவற்றிலிருந்து அவர் எவ்வளவு தூரத்தில் நின்று சொல்கிறார் என்ற கேள்வியையே நான் உரைகல்லாகக் கொள்கிறேன். சிறந்த இளையோர் நாவல்களில் பெரும்பாலும், கதைசொல்லி இன்னும் அந்த வயதுக்குள்ளேயே, தனக்கு நேர்ந்ததன் பொருள் முழுதும் விளங்காத நிலையில் நின்று பேசுவார். முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் பெரியவரின் தெளிவு அவருக்கு இருக்காது.

ஒவ்வொரு நாவலையும் முடித்தவுடன், கதைசொல்லியின் வயது, அவர் எந்த இடத்திலிருந்து சொல்கிறார், புத்தகத்தைத் திறக்காமலே நினைவுக்கு வரும் ஒரு காட்சி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வை அன்றே செய்ய வேண்டாம். சில வாரங்கள் கழித்து அக்குறிப்பைப் படிக்கும்போது, எந்த நாவலின் காட்சி குறிப்பைத் தாண்டியும் விரிகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

என் தேர்வில் முதலிடம் பெறும் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ 1999இல் வெளிவந்தது. கோடை விடுமுறையில் நடந்த விருந்தொன்றுக்குக் காவல்துறையை அழைத்துவிட்டாள் என்பதற்காக, உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் மெலிண்டாவோடு யாரும் பேசுவதில்லை. ஏன் அழைத்தாள் என்பதை அவளாலும் சொல்ல முடிவதில்லை. பிறர் கேள்வி கேட்கும் சில இடங்களில் நாடக வசனம்போல அவள் முறை மட்டும் குறிக்கப்பட்டு, எதிரே வெற்றிடம் விடப்பட்டிருக்கும். வாய் திறக்காத அவள், வாசகரிடம் மட்டும் கூர்மையாகவும் நகைச்சுவையோடும் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஓவிய ஆசிரியர் ஆண்டு முழுவதற்கும் அவளுக்குத் தரும் பொருள் ‘மரம்’. அவள் அதை வரைந்து வரைந்து தோற்பதைக் கவனித்தால், அவளால் சொல்ல முடியாதது மெல்ல வெளிவரும் விதம் புரியும்.

வடிவத்தைச் சோதிக்க ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ (2017) நல்ல எடுத்துக்காட்டு. அண்ணன் ஷான் சுட்டுக்கொல்லப்பட்டதும், பதினைந்து வயது வில் அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பழிவாங்கக் கிளம்பி லிஃப்டில் ஏறுகிறான். அழக் கூடாது, காட்டிக்கொடுக்கக் கூடாது, பழிவாங்க வேண்டும் என்பவை அவன் தெருவின் விதிகள். லிஃப்ட் கீழிறங்கும் ஒரு நிமிடத்திற்குள், ஒவ்வொரு தளத்திலும் துப்பாக்கிக்குப் பலியான ஒருவர் ஏறுகிறார். முழுவதும் கவிதை வடிவில் அமைந்த இந்நாவலில் வரிகளைச் சுற்றியுள்ள வெற்றிடம் அலங்காரமாக நிற்கவில்லை. மூச்சுமுட்டும் அச்சிறு அறையில் ஒரு சிறுவன் யோசிக்கத் தயங்கும் இடைவெளியாகவே அது அமைகிறது. கவிதை வடிவ நாவல் எதை எடுத்தாலும், இதையே உரைநடையில் எழுதியிருந்தால் என்ன இழந்திருப்போம் என்று கேளுங்கள். ஒன்றும் இழக்கவில்லை என்று தோன்றினால் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு வழங்கும் பிரிண்ட்ஸ் விருதை முதன்முதலில், 2000இல், பெற்ற வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’ நாவலிலும் இதே கேள்வி பயன்படும். கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயது ஸ்டீவ், தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதுகிறான். தன்னைக் கேமராவின் வழியே பார்ப்பவனை எவ்வளவு நம்பலாம் என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றையும் சேர்க்க விரும்பினால், சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் எழுதிய ‘எ டைம் டு டான்ஸ்’ (2014) இருக்கிறது. விபத்தில் ஒரு காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை இழந்த வேதா, செயற்கைக் காலோடு பரதநாட்டியத்துக்குத் திரும்புகிறாள். இதுவும் கவிதை வடிவிலானதே. தாளத்தை இழந்த உடலைப் பற்றிய கதைக்கு அவ்வடிவம் முற்றிலும் பொருந்துகிறது.

இறுதி முடிவுக்கு வருமுன், தேர்ந்த ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் மறுபடி வாசியுங்கள். எஸ். இ. ஹின்டன் பதின்பருவத்திலேயே எழுதி 1967இல் வெளியான ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலின் முதல் வாக்கியமே அதன் கடைசி வாக்கியமாகவும் வருகிறது. பதினான்கு வயது போனிபாய் ஏன் எழுத உட்கார்ந்தான் என்பது தெரிந்தபின் அவ்வாக்கியம் வேறொன்றாகிவிடுகிறது.

பட்டியலை எழுதும்போது கதைச்சுருக்கத்தை இரண்டு வாக்கியங்களுக்குள் நிறுத்தி, முடிவை மறைத்து, கதைசொல்லியின் குரல் எப்படிப்பட்டது என்பதற்கே அதிக இடம் கொடுங்கள். ‘ஸ்பீக்’ பாலியல் வன்முறையைப் பற்றியது என்பதையும், ‘லாங் வே டவுன்’ கொலையில் தொடங்குவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் கடமை. அதே துயரைத் தானே சுமக்கும் ஒரு பிள்ளை, எப்போது அந்தப் புத்தகத்தைத் திறப்பது என்பதைத் தானே தீர்மானிக்க அது உதவும்.