மேனேஜர்கிட்ட அஞ்சு நாள் லீவு வாங்கினது எப்படி

2019ல திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் செக்ஷன்ல இருந்தேன், அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன், கூட இருந்து சொட்டு மருந்து போட என்னை விட்டா ஆள் இல்ல. மேனேஜர்கிட்ட ரெண்டு தடவ வாயால கேட்டேன், "ஷிப்மெண்ட் இருக்கும்மா, அப்புறம் பாக்கலாம்"னு நிமிர்ந்துகூட பாக்காம சொல்லிட்டாரு. அன்னைக்கு பஸ்ல அழுதுட்டே வந்தேன்.

யூனியன்ல இருந்த அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு, அப்போ இருந்த 1948 தொழிற்சாலை சட்டப்படி ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா அடுத்த வருஷம் 20 நாளுக்கு ஒரு நாள்னு சம்பளத்தோட லீவு உண்டு, ஆனா 15 நாள் முன்னாடியே எழுதிக் குடுக்கணும்னு. அதுவரைக்கும் எனக்கு தெரியவே தெரியாது.

சட்டத்த மட்டும் தூக்கிட்டுப் போனா இன்னும் முறைப்பாருன்னு தோணுச்சு. அதனால டாக்டர்கிட்ட பேசி ஆபரேஷன ஷிப்மெண்ட் முடிஞ்ச அடுத்த செவ்வாய்க்கு மாத்தினேன், பக்கத்து டேபிள் அக்கா என் பீஸையும் சேத்து பாக்குறேன்னாங்க, அவங்க மக சீருக்கு அவங்க வேலைய நான் பாக்குறதா பேச்சு. எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி, ஆஸ்பத்திரி சீட்ட பின் அடிச்சு, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்தேன், காலையில அவரு ஃபோன்லயே இருப்பாரு. ரெண்டு தடவ படிச்சாரு, சுவத்துல இருந்த ஷிப்மெண்ட் சார்ட்ட பாத்தாரு, கையெழுத்து போட்டுட்டாரு. ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டேன், அது ரொம்ப முக்கியம்.

கட்டு பிரிச்ச அன்னைக்கு அம்மா மொதல்ல என் முகத்தத்தான் பாத்தாங்க.