டிபி மாத்திரையை விடுவது மட்டும்தான் தவறா?

டிபிக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், ஆறு மாதம் விடாமல் போட்டால் குணம், இது தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை தெரியாதவர் குறைவு. மாத்திரைக்கு அடங்காத டிபி என்று ஒன்று இருப்பதும், மருந்துக்கடையிலும் வயலிலும் பஸ் ஸ்டாண்டிலும் எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகளில் அது உருவாவதும்தான் பலருக்குத் தெரிவதில்லை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளும் வேலை செய்யாமல் போனால் அதை எம்.டி.ஆர் என்கிறார்கள். 2014-16இல் நாடு முழுக்க நடந்த ஆய்வில், புதிதாக டிபி வந்தவர்களில் 100க்கு சுமார் 3 பேருக்கும், ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களில் 100க்கு சுமார் 12 பேருக்கும் இது இருந்தது.

அந்த மூன்று ஏன் பன்னிரண்டு ஆகிறது? இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், எடை ஏறும். சரியாக அந்த நேரம் பார்த்து சம்பா நடவு வரும், கூலியை விட முடியாது, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு வயலில் இறங்கினால் குமட்டும், ‘அதான் சரியாப் போச்சே’ என்று விட்டுவிடுவார்கள். நுரையீரலில் குழி விழுந்த இடத்தில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும், அதில் ஏதாவது ஒரு மருந்துக்குச் சாகாத ரகமும் இயல்பாகவே கொஞ்சம் இருக்கும். ஒன்றுக்குத் தப்பியதை இன்னொன்று பிடிக்கட்டும் என்றுதான் நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விட்டு விட்டுப் போட்டால் சாதாரணக் கிருமி செத்து, சாகாத ரகம் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குமட்டல் என்றால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போடவோ நேரத்தை மாற்றவோ வழி சொல்வார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால் வருவது, அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அது வேறு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

நோயாளியையே திட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் பாதிக் கதை அவர் மாத்திரை தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. இருமல் என்று மருந்துக்கடையில் கேட்டால் லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஏதாவது ஆன்டிபயாடிக் ஐந்து நாளைக்குக் கிடைத்துவிடும். டிபி கொஞ்சம் அடங்கின மாதிரி காட்டிவிட்டுத் திரும்ப வரும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், அதுவும் எம்.டி.ஆர் சிகிச்சையில் பின்னால் தேவைப்படுகிற மருந்துக் குடும்பத்தையே முன்கூட்டி வீணடித்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் கடைக்குப் போகாமல் சளி டெஸ்டுக்குப் போவதுதான் சரி. அங்கேயும் ஒரு தவறு நடக்கும். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, திறந்தவெளியில் நின்று, மூச்சை நன்றாக இழுத்து ஆழத்திலிருந்து இருமி வருகிற கோழைதான் வேண்டும். ட்ரூநாட், சிபிநாட் என்ற பரிசோதனைகள் கிருமி இருக்கிறதா என்பதோடு ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும், அதைச் செய்தார்களா என்று வாய்விட்டே கேளுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து டிபி சொல்கிற டெஸ்டை அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

டெல்டாவுக்கே உரிய தவறு ஊர் மாறுவது. அறுவடை முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளாவில் கட்டட வேலை என்று கிளம்புகிறவர்கள் மாத்திரை அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, ‘தீபாவளிக்கு வந்து பாத்துக்கலாம்’ என்று போகிறார்கள். அரசு டிபி பதிவில் நிக்ஷய் எண் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள், அதை வைத்து எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடியாவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது. வளைகுடா போகிறவர்கள் மெடிக்கலில் எக்ஸ்ரே இடிக்கும் என்று நோயை மறைப்பதும், தனியாரில் பேர் பதியாமல் பாதி மருந்து சாப்பிடுவதும் இதே ரகம்தான்.

அப்புறம், ‘நான் ஒரு மாத்திரைகூட விட்டதில்லை, எனக்கு எப்படி எம்.டி.ஆர் வரும்?’ என்று கேட்பவர்கள். அடங்காத கிருமியே நேராகக் காற்றில் வந்து தொற்றும், அதற்கு உங்கள் ஒழுக்கம் தெரியாது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாரும் பரிசோதனை செய்ய வேண்டும், குழந்தைகளை முதலில். ஆனால் நாம் செய்வதோ தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டு, மார்கழிப் பனி என்று ஜன்னலை இறுக மூடிக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் படுப்பது. தட்டில் டிபி பரவாது, மூடிய அறைக் காற்றில் பரவும். டிபிக்காரர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்த செங்கிப்பட்டி சானடோரியம் என்றால் பழைய ஆட்களுக்கு இன்றும் ஒரு பயம் உண்டு, ஆனால் வீட்டிலிருந்தே சிகிச்சை எடுத்தாலும் குணமாவது அதே அளவுதான் என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959இலேயே சொல்லிவிட்டது.

எம்.டி.ஆர் என்றதும் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. முன்பு இரண்டு வருடம்வரை மருந்து, கூடவே மாதக்கணக்கில் ஊசி, சிலருக்கு அந்த ஊசியில் காதே கேட்காமல் போனது. அந்தக் கதைகள்தான் இன்னும் டீக்கடையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெடாகுவிலின், பிரிடோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கையும் சேர்த்து ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிக்கிற முறைக்கு 2024இல் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. எல்லாருக்கும் பொருந்தாது, கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வேறு முறை. இதில் மாத்திரைகள் தனித்தனி என்பதால் ‘இது சூடு, இதை மட்டும் விட்டுடறேன்’ என்று ஆளே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார், அது கூடவே கூடாது. லினசோலிடால் கால் மரத்துப்போகலாம், ரத்த அணுக்கள் குறையலாம், அதனால் ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போங்கள், அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை.

சர்க்கரை இருந்தால் அதையும் கட்டுக்குள் வையுங்கள், குடியை நிறுத்துங்கள், ஈரல் ஏற்கெனவே மாத்திரையோடு போராடுகிறது. சாப்பாட்டுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது, 2024 நவம்பர் வரை அது 500ஆக இருந்தது. வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காமல் விட்டு அதை இழக்காதீர்கள். மருந்து முடிந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சளி டெஸ்ட் உண்டு. பழைய சிகிச்சை அட்டையையும் பத்திரமாக வையுங்கள், திரும்ப இருமல் வந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே முன்பு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதுதான்.