சேட்டை எப்போது கேஸ் ஆகிறது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ் ஏஞ்சலஸில் யுஎஸ்சி, யுசிஎல்ஏ என்று இரண்டு பல்கலைக்கழகங்கள். இரண்டும் ஃபுட்பாலில் மோதும் வாரத்தில் யுஎஸ்சி வளாகத்துக்குப் போனால், டாமி ட்ரோஜன் என்ற வெண்கலச் சிலையை டேப்பால் சுற்றிக் கட்டி வைத்திருப்பார்கள். மாணவர்கள் ராத்திரிக் காவலும் இருப்பார்கள். எதிராளி வந்து பெயின்ட் ஊற்றிவிடுவான் என்ற பயம்தான். பெயின்டைக் கழுவிவிடலாம், அதனால் இது சேட்டை. கழுவ முடியாததைச் செய்யும்போதுதான் வம்பு.

முதல் தவறு, உயிருள்ளதில் கை வைப்பது. அலபாமா மாநிலத்தில் ஆபர்னும் அலபாமா பல்கலைக்கழகமும் பங்காளிகள் மாதிரி. 2010 ஆட்டத்தில் 24-0 என்று பின்தங்கிக் கிடந்த ஆபர்ன், 28-27 என்று ஜெயித்துவிட்டது. ஜெயித்தால் டூமர்ஸ் கார்னரில் நிற்கும் இரண்டு ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளையாக்குவது ஆபர்ன்காரர்களின் வழக்கம். தோல்வி பொறுக்காத அலபாமா ரசிகர் ஹார்வி அப்டைக், அந்த மரங்களின் வேரில் ஸ்பைக் 80டிஎஃப் என்ற களைக்கொல்லியைப் போட்டார். இவர் மாணவர்கூட இல்லை, அறுபது வயதைத் தாண்டியவர். யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2011 ஜனவரியில் அவரே ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, வேறு பெயரில், ‘நான்தான் விஷம் வைத்தேன்’ என்று பெருமையடித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். மண்ணைச் சோதித்தார்கள், விஷம் இருந்தது. மரங்களைக் காப்பாற்ற என்னென்னவோ செய்தும் முடியாமல் 2013 ஏப்ரலில் வெட்டினார்கள். அவருக்குச் சிறை, கூடவே சுமார் 8 லட்சம் டாலர் இழப்பீடு.

ஆட்டைத் தூக்குவதும் இதே ரகம்தான். கடற்படை அகாடமியின் அடையாளம் ‘பில்’ என்ற ஆடு. ராணுவ அகாடமிப் பையன்கள் 2021-ல் அதைத் திருடப் போய், ஆள் தெரியாமல், ஓய்வு பெற்ற ஒற்றைக்கொம்புக் கிழ ஆட்டைப் பிடித்து வந்துவிட்டார்கள். இத்தனைக்கும் கடற்படையின் ஆட்டையும் ராணுவத்தின் அடையாளமான கோவேறு கழுதையையும் எதிர்த்தரப்பு தொடுவதில்லை என்று 1990-களிலேயே உடன்பாடு உண்டு.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அங்கே படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கைதானாலே போதும், வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்ய முடியும். சீனியர் கூப்பிட்டார் என்று பெயின்ட் டப்பாவோடு கிளம்பாதீர்கள்.

அடுத்த தவறு, மூளை இருக்க முரட்டுத்தனத்தை நம்புவது. 1961 ரோஸ் பவுல் ஆட்டம் வாஷிங்டனுக்கும் மின்னசோட்டாவுக்கும். மைதானம் இருக்கும் பாசடீனாவிலேயே உள்ள கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்விக்கூடத்துக்கு அதில் சம்பந்தமே இல்லை. வாஷிங்டன் ரசிகர்கள் இருக்கைக்கு ஒரு குறிப்புத்தாள் வைத்து, சொன்ன நேரத்தில் வண்ண அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டுவார்கள். கால்டெக் மாணவர் ஒருவர் பள்ளிப் பத்திரிகை நிருபர் என்று சொல்லிக்கொண்டு போய் விவரமெல்லாம் கேட்டு வந்தார். பிறகு 14 பேர் உட்கார்ந்து 2,232 தாள்களைக் கையால் திருத்தி, மூலத்தாள்களை எடுத்துவிட்டு அவற்றை வைத்தார்கள். ஆட்ட நாளில் வாஷிங்டனின் அடையாளமான ஹஸ்கி நாய் வர வேண்டிய இடத்தில் கால்டெக்கின் அடையாளமான பீவர் என்ற விலங்கு வந்தது. அடுத்து வாஷிங்டன் அணியின் பெயர் தலைகீழ் வரிசையில் வந்தது. கடைசியில் பெரிய எழுத்தில் ‘கால்டெக்’. டிவியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, மைதானம் சில நொடி வாயடைத்துப் போனது. எதிராளி கையாலேயே எதிராளி கண்ணைக் குத்தும் வித்தை! 2004-ல் யேல் மாணவர்கள் ஹார்வர்ட் உற்சாகக் குழு வேஷம் போட்டு, ஹார்வர்ட் ரசிகர்களிடமே சுமார் 1,800 அட்டைகளைக் கொடுத்து, ‘நாங்கள் மட்டம்’ என்ற பொருளில் தூக்க வைத்ததும் இதே வழிதான். அன்றைய ஆட்டத்தில் ஹார்வர்ட் 35-3 என்று ஜெயித்தது என்பதை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

இன்னொன்று, கதையைச் சரிபார்க்காமல் பரப்புவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அடையாளமான காளைக்கு ‘பீவோ’ என்று பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. எதிராளியான டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வெற்றிக் கணக்கான 13-0 என்பதைக் காளை மேல் சூடு போட்டார்களாம், அந்த எண்களைத் திருத்தித்தான் பெயரே பிறந்ததாம். சூடு போட்டது உண்மை, 1917-ல். ஆனால் பெயர் 1916 டிசம்பரிலேயே அச்சில் வந்துவிட்டது. 1920-ல் அந்தக் காளையை அறுத்து விருந்து வைத்தபோது ஏ அண்ட் எம் ஆட்களையும் அழைத்தார்கள். கையோடு கொண்டு போகச் சொல்லி, 13-0 சூடு இருந்த தோலையும் கொடுத்து அனுப்பினார்கள்.