புதிய செவிலியருக்கு: வார்டில் ஒரு ஷிஃப்டை ஆரம்பம் முதல் கடைசி வரை நடத்துவது எப்படி

படிப்பை முடித்து வார்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது நரம்பில் ஊசி ஏற்றுவதற்கும் கேத்திட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடுவதற்கும்தான். அந்தக் கைவேலை எல்லாம் செய்யச் செய்யப் படிந்துவிடும். அதைவிடக் கடினமான வேலை ஒன்று இருக்கிறது. நோயாளியிடம் ஏதோ மாறுகிறது என்று உங்கள் கண்ணில் பட்டதை, நேரம் தாழ்த்தாமல், கேட்பவர் உடனே நடவடிக்கை எடுக்கும் விதத்தில் சொல்வது. முதல் வருடத்தில் வேறு எதில் பின்தங்கினாலும் இதில் பின்தங்காதீர்கள் என்று என்னிடம் வருகிற ஒவ்வொரு புதிய செவிலியரிடமும் சொல்கிறேன். கீழே உள்ள படிகள் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

படி 1: ஹேண்டோவர் வாங்கும்போது

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தையும் பொறுப்பையும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதுதான் ஹேண்டோவர். ஒரு தாளை மடித்து, நோயாளி ஒருவருக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். படுக்கை எண், எதற்காகச் சேர்ந்தார், என்ன ஒவ்வாமை, என்ன ஓடுகிறது (டிரிப்ஸ், ஆக்சிஜன், உடலிலிருந்து நீரை வடிக்கும் டிரெயின் குழாய்), எந்த நேரத்துக்கு எந்த மருந்து, எந்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள், இவ்வளவு போதும். போன ஷிஃப்ட் செவிலியர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார், வீட்டுக்குக் கிளம்பும் அவசரம் அவருக்கு. நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இவர்களில் உங்களுக்கு யாரை நினைத்தால் கவலையாக இருக்கிறது?" கேஸ் ஷீட்டில் இல்லாத விஷயம் இந்தக் கேள்விக்குப் பதிலாக வரும்.

முடிந்தால் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஹேண்டோவர் வாங்குங்கள். டிரிப்ஸ் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, ஊசி ஏற்றிய இடம் வீங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டால் பிறகு "நான் வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 2: முதல் சுற்று

மருந்து வண்டியைத் தொடுவதற்கு முன் எல்லா நோயாளிகளையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். பேச்சு கொடுங்கள். பதில் தெளிவாக வருகிறதா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா, தோல் வியர்த்துக் குளிர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மோசமாக இருப்பவர் யார் என்று தெரிந்துவிட்டால் அன்றைய வேலையின் வரிசை தானாக அமைந்துவிடும்.

படி 3: மூச்சை எண்ணுங்கள், நிஜமாகவே

பிபி, பல்ஸ், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் கருவி சொல்லிவிடுகிறது. மூச்சை மட்டும் நாம் எண்ண வேண்டும், அதனால்தான் எண்ணாமலே 18, 20 என்று எழுதும் பழக்கம் பல வார்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளாதீர்கள். நோயாளியின் நிலை கெடத் தொடங்கும்போது மற்ற அளவுகளுக்கு முன்பே மாறக்கூடியது மூச்சு வேகம்தான். முழு 60 விநாடி எண்ணுங்கள், எண்ணுவதாகச் சொல்லாமல் பல்ஸ் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். சொன்னால் அவருடைய மூச்சு மாறிவிடும்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் நோயாளியின் நிலை கெடுவதை முன்கூட்டியே காட்டும் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டு 2017இல் திருத்தியது, நியூஸ் 2 என்பார்கள். மூச்சு, ஆக்சிஜன் அளவு, தனியாக ஆக்சிஜன் தரப்படுகிறதா, பிபியின் மேல் அளவு, பல்ஸ், நினைவு, காய்ச்சல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் என்றால் நெருக்கடி. உங்கள் மருத்துவமனையில் வேறு அட்டவணை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், ஏதோ ஒன்று கையில் இருக்கட்டும். "பார்க்க ஒரு மாதிரி இருக்கிறார்" என்ற உங்கள் உள்ளுணர்வுக்கு அது ஓர் எண்ணைத் தருகிறது, எண்ணைச் சொல்லும்போது போனின் மறுமுனையில் இருப்பவர் எழுந்து உட்காருவார்.

படி 4: டாக்டரை அழைப்பது

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், அதுவும் இரவில். திட்டுவாரோ, சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டதாக நினைப்பாரோ என்று அரை மணி நேரம் தள்ளிப்போடுவது, அந்த அரை மணி நேரத்தில் நோயாளி இன்னும் சரிந்துவிடுவது, இது நடக்கவே கூடாது.

போனை எடுப்பதற்கு முன் கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, கடைசியாகப் பார்த்த அளவுகள் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பேச்சின் வரிசைக்கு எஸ்பார் என்ற முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை அது, 2000க்குப் பிறகு அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவத்துக்குள் வந்து பரவியது. இப்போது என்ன நடக்கிறது, இவர் யார், என்ன என்று நினைக்கிறேன், என்ன வேண்டும். இந்த நான்கு மட்டும்தான். ஒரு மாதிரிப் பேச்சு:

"டாக்டர், அறுவை சிகிச்சை வார்டிலிருந்து செவிலியர் பேசுகிறேன். 12ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சு 26, ஆக்சிஜன் அளவு 91, பல்ஸ் 118, பிபி 104க்கு 60. காலையில் மூச்சு 16, ஆக்சிஜன் 97தான் இருந்தது. வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வயது 62, ஒவ்வாமை எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, நினைவோடு இருக்கிறார். மதிப்பெண் 9 வருகிறது. நுரையீரலில் ஏதோ பிரச்சினை என்று நினைக்கிறேன். தலைப்பக்கம் உயர்த்தி, நம் வார்டு விதிப்படி ஆக்சிஜன் ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் வருவீர்கள்?"

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். பலர் அளவுகளை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, "சொல்லலாம் என்று கூப்பிட்டேன் டாக்டர்" என்று முடித்துவிடுவார்கள். மறுமுனையில் "சரி, பாருங்கள்" என்று வைத்துவிடுவார்கள். என்ன வேண்டும் என்பதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும், அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் காதில் ஒன்று போலவே விழும், அதனால் "ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம்தானே?" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள்.

சொல்லியும் அவர் அசையவில்லை என்றால்? "எனக்குக் கவலையாக இருக்கிறது டாக்டர்" என்று இன்னொரு முறை சொல்லுங்கள். பிறகும் பதில் இல்லையென்றால் "இது நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, வார்டு இன்சார்ஜிடம் சொல்லி மேலே உள்ள டாக்டரை அழைக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அப்படியே செய்யுங்கள். அழைத்த நேரம், யாரிடம் பேசினீர்கள், என்ன பதில் வந்தது, மூன்றையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

படி 5: மருந்து

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். படித்ததுதான், ஆனால் வார்டில் இதைக் குலைப்பது குறுக்கீடு. மருந்து எடுக்கும்போது யாராவது கூப்பிட்டால் "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். பெயரைச் சொல்லி "நீங்கள் இவர்தானே?" என்று கேட்காதீர்கள், மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லிக் கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள்.

இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), செறிவான பொட்டாசியம் குளோரைடு, மார்ஃபின் வகைகள், இந்த நான்கிலும் இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் போட்ட விடையைக் காட்டி "சரியா?" என்று கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. செறிவான பொட்டாசியத்தை நீர்க்காமல் நரம்பில் நேரடியாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும், அதை எந்த அவசரத்திலும் மறக்கக் கூடாது. இன்சுலினை இன்சுலின் சிரிஞ்சில் மட்டும் எடுங்கள்.

டிரிப்ஸ் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: 500 மில்லி, 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 துளி தரும் செட் (டிரிப்ஸ் குழாய்). 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 21 துளி. செட்டின் உறையில் மில்லிக்கு எத்தனை துளி என்று போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

படி 6: ஊசி குத்திவிட்டால்

பிதுக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்கிறீர்களா என்பதை வேலையில் சேரும் முன்பே உறுதி செய்துவிடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

படி 7: ஹேண்டோவர் கொடுப்பது

மோசமான நோயாளியில் ஆரம்பியுங்கள், படுக்கை எண் வரிசையில் போகாதீர்கள். செய்ததைவிடச் செய்யாமல் விட்டதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "10 மணி ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை, மருந்தகத்தில் இருந்து வரவில்லை." வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது நினைவு வந்தால் வார்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நர்ஸ் பிராக்டிஷனராகப் போகிறவர்களுக்கு

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் கூடுதல் பயிற்சி பெற்று, நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையைத் தானே முடிவு செய்யும் செவிலியர். 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் ஆரம்பித்த பயிற்சியிலிருந்து வளர்ந்தது இந்தப் பதவி. வார்டில் பல வருடம் இருந்தவர்கள்கூட இதில் புதியவர்களாகத்தான் உணர்வார்கள், ஏனென்றால் இதுவரை அழைத்துச் சொன்னவர் இனி முடிவெடுக்க வேண்டியவர். சட்டம் எதையெல்லாம் செய்ய அனுமதிக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அதை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். சந்தேகம் வந்தால் எந்த டாக்டரை, எந்த நேரத்தில், எப்படி அழைக்கலாம் என்பதையும் நேர்காணலிலேயே கேளுங்கள், மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

அப்புறம், நீங்கள் எழுதிக் கொடுத்த பரிசோதனையின் முடிவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எழுதியதை எல்லாம் மருத்துவமனை அனுமதிக்கும் இடத்தில் ஒரே பட்டியலாக வைத்து, முடிவைப் பார்த்து நோயாளிக்குச் சொன்ன பிறகே ஒவ்வொன்றையும் அடித்துவிடுங்கள். விடுப்பில் போகும்போது மிச்சமிருக்கும் பட்டியலை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.