கறிக்குழம்பில் மொச்சை வேகாமல் போனதும் நான் கண்ட வழியும்

ஆட்டுக்கறியோடு காய்ந்த மொச்சையும் கொண்டைக்கடலையும் சேர்த்து நான் வைத்த குழம்பில், கறி பஞ்சாக வெந்திருந்தும் மொச்சை மட்டும் பல்லில் நறுக்கென்று கடிபட்டது. 8 மணி நேரம் ஊறிய பயறாயிற்றே என்று குக்கரில் மேலும் 4 விசில் விட்டேன். கறி நார்நாராகப் பிரிந்ததே தவிர, மொச்சை அப்படியே இருந்தது. தக்காளியையும் புளிக்கரைசலையும் தொடக்கத்திலேயே ஊற்றியதுதான் பிழை என்பது பிறகு விளங்கியது: பயறின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளைப் புளிப்பு இளகவிடுவதில்லை. அடுத்த முறை, ஊறிய பயறுகளைச் சிறிது உப்பிட்டு, விரலிடையில் நசுக்கினால் மாவாகும் பதம்வரை தனியே வேகவைத்து, கறி முக்கால் பதம் வெந்ததும் அவற்றை வெந்த நீரோடு சேர்த்து, புளியைக் கடைசியில் விட்டு, 15 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டேன். அந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது, குழம்பின் கெட்டித்தன்மையே அதில்தான் இருக்கிறது. இம்முறை மொச்சையின் தோல் விரிந்து, கறியின் சாறு உள்ளே இறங்கியிருந்தது.