மரப் பாய்மரப் படகு கிட்: முதல் படகைக் கோணாமல் கட்டுவது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அப்படியிருந்தும் ஒரு படகின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது, தபாலில் வந்த ஒரு மாடல் படகு கிட்டை, அதாவது வெட்டி வைத்த மரத்துண்டுகளை ஒட்டிக் குட்டிப் படகு கட்டும் பெட்டியை, பிரித்த பிறகுதான். அந்த முதல் படகு இப்போது பரண் மேல் இருக்கிறது. வாழைப்பழம் போல வளைந்துபோனதால் வெளியே வைக்க முடியவில்லை. உங்களுடையது அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் கிட் வாங்குவது. ஸ்பெயின், இத்தாலி, டென்மார்க் கம்பெனிகளின் கிட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள். மூன்று பாய்மரம், இருபது பீரங்கி வைத்த போர்க்கப்பல் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒற்றைப் பாய்மரம், 30 முதல் 40 செ.மீ. நீளம், இரண்டு அடுக்குப் பலகை, இதுதான் முதல் படகுக்குச் சரி. இரண்டு அடுக்கு என்றால் வேலை கூடுதல் என்று தோன்றும். ஆனால் முதல் அடுக்கில் செய்யும் தப்பையெல்லாம் இரண்டாம் அடுக்கு மூடிவிடும். பெட்டி மேல் 1:35 என்று இருந்தால், மாடலில் 1 செ.மீ. நிஜப் படகில் 35 செ.மீ. ‘கேட்டமரன்’ என்று போட்டிருந்தால் நம் கட்டுமரம் என்று நினைத்துவிடாதீர்கள். சொல் நம்மிடமிருந்து போனதுதான், பொருள் மாறிவிட்டது. அது இரட்டை உடல் படகு.

இன்னொன்று: இந்த கிட்டுகளில் பெரும்பாலானவை அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும். தண்ணீரில் விடுவதற்கு அல்ல.

சாமான்கள்

கூர்மையான பிளேடு கத்தி, ஸ்டீல் ஸ்கேல், சின்ன மூலைமட்டம், 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், இடுக்கி, விரலால் சுழற்றும் சின்னத் துளைப்பான். எல்லாம் மண்ணடிப் பக்கம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். கிளாம்ப்புக்குத் தனியாகச் செலவு வேண்டாம், துணி கிளிப் இரண்டு டஜன் போதும். பசைக்கு சாதாரண வெள்ளை ஃபெவிகால். ஃபெவிகுவிக் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவசரத்துக்கு மட்டும். அது ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது. மரத்தில் வழிந்த இடத்தில் வார்னிஷும் பிடிக்காது.

எலும்புக்கூடு

நடுவில் ஓடும் நீளக் கட்டைக்கு ஏரா என்று பெயர். அதில் குறுக்காகச் சொருகும் பிளைவுட் துண்டுகள் வங்குகள். கிட்டின் தாளில் ஃபால்ஸ் கீல், பல்க்ஹெட் என்று போட்டிருக்கும். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இந்தப் பெயர்களைக் காசிமேட்டில் இன்றைக்கும் கேட்கலாம்.

துண்டுகளைப் பலகையிலிருந்து பிரிக்கும் முன்பே ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணை எழுதிவிடுங்கள். பிரித்த பிறகு ஐந்தாம் வங்கும் ஆறாம் வங்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். லேசர் வெட்டிய ஓரம் கருகியிருக்கும். பசை படும் இடத்தில் அந்தக் கரியை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் பசை மரத்தைப் பிடிக்காது, கரியைத்தான் பிடிக்கும்.

பசை போடாமல் எல்லாவற்றையும் ஒரு முறை சொருகிப் பாருங்கள். ஏரா நேராக இருக்கிறதா என்று சமையல் மேடைக் கிரானைட்டில் படுக்க வைத்துப் பார்க்கலாம். வீட்டில் அதைவிடச் சமமான இடம் கிடையாது, கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏரா வளைந்திருந்தால் லேசாக ஈரப்படுத்தி, எதிர்ப்பக்கம் கனம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு ஒவ்வொரு வங்காக ஒட்டி, மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் இருந்தால் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கலாம். அவற்றின் மூலை கச்சிதமாக 90 டிகிரி.

அடுத்த வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் தாண்டினேன். நடு வங்குகளின் ஓரம் அப்படியே இருக்கலாம். அணியம், அமரம் பக்கத்து வங்குகளின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பலகை அங்கே உள்நோக்கி வளைந்து போகிறது. ஓரம் சதுரமாக நின்றால் பலகை அதன் முனையில் மட்டும்தான் தொடும். ஒரு குச்சியில் 120 நம்பர் தாளை ஒட்டி, இரண்டு மூன்று வங்குகளைச் சேர்த்தே தேயுங்கள். அடிக்கடி ஒரு மெல்லிய பலகையை எல்லா வங்குகள் மேலும் படுக்க வைத்துப் பாருங்கள். எங்காவது தூக்கினால் அந்த வங்கை இன்னும் தேய்க்க வேண்டும். எங்காவது இடைவெளி விட்டால் அங்கே ஒரு மரச்சீவலை ஒட்டுங்கள். எனக்கு இதற்கு மட்டும் இரண்டு சாயங்காலம் ஆகிறது. அவசரப்படுவதென்றால் வேறு எந்தக் கட்டத்திலாவது அவசரப்படுங்கள்.

பலகை அடிப்பது

முதல் பலகை மேல்தள ஓரத்தை ஒட்டி வரும். வலப்பக்கம் ஒன்று அடித்தால் அடுத்தது இடப்பக்கம். நான் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் திரும்பினேன். துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் இடத்தில் தெரிந்த ஒரு ஆசாரி இருக்கிறார். அவரிடம் காட்டினேன். “இன்னாப்பா, ஒரே பக்கமா அடிச்சினு வந்துட்டியா? இழுத்துக்குமே!” என்றார். காயும் பசையும் வளைத்த பலகையும் சேர்ந்து ஏராவைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஒன்று மாற்றி ஒன்று அடித்தால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும்.

1.5 மி.மீ. தடிமன் பலகையை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, எவர்சில்வர் சொம்பைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி முழுக்க விட்டால் வளைவு நின்றுவிடும். காய்ந்த பிறகே ஒட்டுங்கள். ஈரப் பலகை காயும்போது சுருங்கி இடைவெளி விடும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகையும் பசையும் காய்வதற்குள் பொறுமை போய்விடும். அந்த மாதங்களில் நான் பலகை அடிப்பதை நிறுத்திவிட்டுச் சில்லறை வேலைகளைப் பார்ப்பேன்.

பலகையை எவ்வளவு ஒடுக்குவது? ஒரு சின்னக் கணக்குதான். நடு வங்கின் ஓரத்தில் ஒரு காகித நாடாவை வைத்து அளந்தால் 60 மி.மீ. என்று வையுங்கள். 5 மி.மீ. அகலப் பலகை என்றால் 12 வேண்டும். அணியத்தில் அதே அளவு 36 மி.மீ. என்றால், 36-ஐ 12-ஆல் வகுக்க 3. ஆக ஒவ்வொரு பலகையும் முன்முனையில் 3 மி.மீ. ஆக ஒடுங்க வேண்டும். அகலத்தில் பாதிக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், முனை பிளந்துவிடும். அமரப் பக்கம் இடைவெளி விரிந்தால் அங்கே கூர்முனைத் துண்டு ஒன்றைச் செருகலாம்.

எல்லாம் காய்ந்ததும் 120, அடுத்து 220. பள்ளங்களில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பூசுங்கள். இது முதல் அடுக்குக்கு மட்டும். மேல் அடுக்கில் பூசினால் வார்னிஷ் திட்டுத்திட்டாகத் தெரியும். அரை மி.மீ. தடிமன் மேல் அடுக்கும் இதே முறைதான், அதற்கு 400 தாள் போதும்.

மேல்தளம், பாய்மரம்

மேல்தளப் பலகைகளின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒட்டினால், பலகைச் சந்தில் தண்ணீர் புகாமல் கலப்பத்து அடைத்தது போலத் தெரியும். பத்துப் பைசா செலவில்லாத வேலை, ஆனால் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பாய்மரத்துக்கு உருண்டைக் குச்சியைக் கரண்டில் ஓடும் டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் பிடித்து மேல் முனையை ஒடுக்குங்கள். லேசாகப் பிடியுங்கள், கை சுடும்.

பாயும் கயிறும்

கிட்டில் வரும் பாய்த்துணி எனக்குப் பிடிப்பதில்லை, காகிதம் மாதிரி விறைத்து நிற்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மெல்லிய மல் துணி கால் மீட்டர் வாங்கி, பால் சேர்க்காத டீத்தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவிட்டால் பழம்பாயின் நிறம் வந்துவிடும்.

கயிற்றுக்கு முன்னால் தேன்மெழுகு. ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கேளுங்கள். நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்தால் பிசிர் அடங்கும், முடிச்சும் நழுவாது. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளை முதலில் கட்டுங்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் அப்புறம். தாங்கு கயிறுகளையும் இடம், வலம் என்று மாற்றி மாற்றியே இறுக்குங்கள், இல்லாவிட்டால் பாய்மரம் சாய்ந்துவிடும். முடிச்சில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு சொட்டு வைத்து, அது காய்ந்த பிறகே மிச்ச நூலை வெட்டுங்கள்.

கடல் பக்கம் குடியிருப்பவர்கள் பித்தளைச் சாமான்களுக்கும் ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் கறுத்துவிடும். தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். உலர்ந்த பெயின்டிங் பிரஷ் போதும், அதுவும் மேலிருந்து கீழாக.