மரம் நட்டுப் புகைப்படம் எடுத்தால் பாடம் முடிந்ததா?

காலநிலை மாற்றம் என்றதும் பல பள்ளிகள் முதலில் தேடுவது மரக்கன்றைத்தான். நட்டு, தண்ணீர் ஊற்றி, புகைப்படம் எடுத்ததும் செயல்திட்டம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று! நடுவதற்கு மதிப்பெண் வேண்டாம். ஓராண்டு கழித்து எத்தனை பிழைத்தன, மற்றவை ஏன் பட்டுப்போயின என்று மாணவர்கள் எடுக்கும் கணக்குக்குக் கொடுங்கள்.

இதைவிட நுட்பமான தவறு, கரியமில வாயு பூமியைச் சூடாக்குவதைக் காட்டும் வகுப்பறைச் செய்முறையிலேயே இருக்கிறது. இரண்டு பாட்டில்கள், ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து உண்டாக்கிய கரியமில வாயு, மேலே விளக்கு. வாயு உள்ள பாட்டில் கூடுதலாகச் சூடேறும், வகுப்பே கைதட்டும். நானும் கைதட்டு வாங்கியவன்தான். ஆனால் அந்தச் சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம், காற்றைவிடக் கனமான வாயு அடியில் தங்கி, வெப்பம் மேலே கலப்பதைத் தடுப்பதுதான். அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சாத ஆர்கானை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே முடிவு வரும். வளிமண்டலத்தில் நடப்பதோ, பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கரியமில வாயு உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்புவது. விடை சரி, காரணம் தவறு.

பனிக்கட்டிச் சோதனை நேர்மையானது. ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டி மிதக்கட்டும்; இன்னொன்றில் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின்மீது இருக்கட்டும். உருகும் முன்பே, எதில் நீர்மட்டம் உயரும் என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள். மிதப்பது உருகினால் மட்டம் மாறாது; கல்லின்மீது இருப்பது உருகினால் உயரும். நிலத்தின்மீது படிந்திருக்கும் கிரீன்லாந்துப் பனியைப் பற்றி ஏன் அவ்வளவு கவலை என்பது அப்போது தானாகப் புரியும்.

ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறது என்பதும், ஒருநாள் வெயிலையே காலநிலையாகக் காட்டுவதும் பழைய தவறுகள். காலநிலைக்கு வழக்கமான அளவுகோல் 30 ஆண்டுச் சராசரி.

விழுமியம் என்ற பெயரில் குழந்தைமீது குற்ற உணர்வைச் சுமத்துவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதை ஏற்றியது மின்விசிறியை அணைக்க மறந்த சிறுவன் அல்ல. குறைவாக உமிழ்ந்தவர்கள் ஏன் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்று வகுப்பில் விவாதம் நடக்கட்டும். உறுதிமொழி வாசிப்பது பிறகு இருக்கட்டும். 'பூமியைக் காப்போம்' என்று தெர்மாகோலில் வெட்டி ஒட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மின்மீட்டரை ஒரு வாரம் குறித்து, அடுத்த வாரம் சிக்கனமாக இருந்து ஒப்பிடலாம். சேமித்தது சொற்பம் என்றால் அதையும் அப்படியே எழுதட்டும். தலைமையாசிரியர் அறை ஏசிக்கு எத்தனை யூனிட் என்று கேட்பார்கள். பதிலோடு தயாராக இருங்கள்.